வேண்டாவெறுப்பாய்ப் பெற்ற பிள்ளை

அமெரிக்கர்கள் எதற்கெடுத்தாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லும் மந்திரம் ஒன்று உண்டு. ஃபர்ஸ்ட் அமெண்ட்மென்ட். அவர்களுடைய அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம். பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம், மதச் சுதந்திரம், கூட்டம் போடும் உரிமை, சர்க்காருக்கு மனு எழுதும் உரிமை எல்லாம் அந்த ஒரே வாக்கியத்தில் அடக்கம். "எங்கள் முன்னோர்கள் ஏன் இதை முதலில் வைத்தார்கள், தெரியுமா?" என்று தொண்டை கரகரக்கக் கேட்பார்கள்.

தெரியும் சார். இதற்கு முன்னால் இருந்த இரண்டும் ஃபெயில்.

1789 செப்டம்பரில் காங்கிரஸ் (நம்மூர்க் கட்சி இல்லை, அவர்களுடைய நாடாளுமன்றம்) மாநிலங்களின் ஒப்புதலுக்கு அனுப்பிய பட்டியலில் மொத்தம் 12 திருத்தங்கள். பேச்சுரிமை அதில் மூன்றாவது இடத்தில் சாதுவாக உட்கார்ந்திருந்தது. முதலாவது, எத்தனை ஆயிரம் பேருக்கு ஒரு எம்.பி. என்கிற கணக்கு. இரண்டாவது, எம்.பி.க்கள் தங்கள் சம்பளத்தைத் தாங்களே ஏற்றிக்கொண்டால், அடுத்த தேர்தல் முடிந்த பிறகுதான் அது அமலுக்கு வரும் என்கிற நிபந்தனை. மனித குலத்தின் மகத்தான உரிமைச் சாசனம் என்று கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பூஜிக்கிறார்களே, அந்தக் காகிதத்தின் முதல் இரண்டு ஐட்டம், சீட்டும் சம்பளமும்!

1791 டிசம்பர் 15-ம் தேதி பத்துத் திருத்தங்கள் தேறின. அன்றைக்குக் கையெழுத்துப் போட்டுக் கணக்கை நிறைவு செய்த மாநிலம் வர்ஜீனியா. உரிமைச் சாசனம் வேண்டும், வேண்டும் என்று ஊரிலேயே அதிகமாகக் கூச்சல் போட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? அதே வர்ஜீனியாதான். கேட்டு வாங்கிய பொருளைக் கையில் கொடுத்தால், திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ள இரண்டு வருஷம்.

அது பரவாயில்லை. மாசசூசெட்ஸ், ஜார்ஜியா, கனெக்டிகட் என்ற மூன்று மாநிலங்கள் "சரி, எங்களுக்கும் சம்மதம்" என்று சொன்னது எப்போது தெரியுமா? 1939-ல். ஹிட்லர் போலந்துக்குள் புகுந்த வருஷம்.

அந்தச் சம்பளத் திருத்தத்தின் கதை இதைவிட அபாரம். அதற்குக் காலக்கெடு வைக்க எல்லோரும் மறந்துவிட்டதால், அது சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை. 1982-ல் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் கிரகரி வாட்சன் இதைக் கண்டுபிடித்து, "இதை இப்போதுகூட நிறைவேற்றலாம்" என்று கட்டுரை எழுதினார். சி கிரேடு கிடைத்தது. முறையிட்டார். மறுபடி சி. கடுப்பான பையன், மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுதத் தொடங்கினான். பத்து வருஷம் எழுதினான். 1992 மே மாதம் அது அரசியல் சாசனத்தின் 27-வது திருத்தமாகச் சேர்ந்துகொண்டது. 202 வருஷம் கழித்து! பல்கலைக்கழகம் மட்டும் அவசரப்படவில்லை. அந்தக் கிரேடை ஏ என்று திருத்தியது 2017-ல்.

சரி, இந்த உரிமைகளை எழுதிய மகான் யார்? ஜேம்ஸ் மேடிசன். ஐந்தடி நாலு அங்குலம். ஒல்லி. கறுப்புக் கோட்டு. பேசினால் பின்வரிசைக்குக் கேட்காது. 'அரசியல் சாசனத்தின் தந்தை' என்று பட்டம். இந்தத் தந்தைக்குத்தான் உரிமைச் சாசனம் என்ற பிள்ளையே வேண்டாம் என்று இருந்தது. காகிதத்தில் வேலி போட்டால் மாடு நிற்குமா என்பது அவர் கட்சி. பெரும்பான்மைக்காரர்கள் முடிவு பண்ணிவிட்டால் எழுதி வைத்த எழுத்து என்ன செய்யும் என்று நண்பர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் மட்டுமில்லை. 1787 கோடையில் ஃபிலடெல்ஃபியாவில் கூடி அரசியல் சாசனம் எழுதியவர்களில் பெரும்பாலோருக்கும் இதே எண்ணம்தான். அந்தக் கூட்டத்தையும் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிடுவோம். மே கடைசியிலிருந்து செப்டம்பர் 17 வரை நடந்தது. ரகசியம் வெளியே போகக் கூடாதென்று ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, வெயில் காலத்தில், கம்பளிக் கோட்டும் விக்கும் போட்டுக்கொண்டு, நாலு மாதம். ஜனநாயகம் எவ்வளவு வியர்வையில் பிறந்தது என்று அமெரிக்கர்கள் சொல்வதில் மிகையே கிடையாது.

தலைவர் நாற்காலியில் ஜார்ஜ் வாஷிங்டன். ஒரு நாள் யாரோ ஓர் உறுப்பினர் ரகசியக் குறிப்புக் காகிதத்தைக் கீழே போட்டுவிட்டார். அது வாஷிங்டன் கைக்குப் போயிற்று. கூட்டம் கலையும் நேரத்தில் எழுந்து, ஹெட்மாஸ்டர் தோரணையில் எல்லோரையும் ஒரு பிடி பிடித்தார். காகிதத்தை மேஜையில் வீசி, யாருடையதோ அவர் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி, தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். உள்ளே இருந்தவர்கள் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தை எதிர்த்து நின்ற வீரர்கள், வக்கீல்கள், கவர்னர்கள். ஒருவராவது எழுந்து போய் எடுத்தாரா? ஊஹூம். ஜார்ஜியாக்காரர் வில்லியம் பியர்ஸ், தன் பையில் கைவிட்டால் காகிதத்தைக் காணோம். பதறிப்போய் மேஜைக்கு ஓடினார். கையெழுத்து தன்னுடையது இல்லை என்று பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. அவருடைய காகிதம், தங்கியிருந்த அறையில் கழற்றிப் போட்ட வேறு கோட்டுக்குள் சௌக்கியமாக இருந்தது. இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். மேஜையில் கிடந்த காகிதத்தின் சொந்தக்காரர் கடைசிவரை வரவே இல்லை.

இந்தக் கூட்டத்தில்தான் செப்டம்பர் 12-ம் தேதி ஜார்ஜ் மேசன் எழுந்தார். வர்ஜீனியாப் பெரும்பண்ணையார். கீல்வாத நோயாளி, வலி தலைக்கேறினால் கோபமும் ஏறும். மக்களுக்கு என்னென்ன உரிமை என்று ஒரு பட்டியலைச் சேர்த்துவிடலாமே, சில மணி நேரத்தில் எழுதிவிடலாம் என்றார். ஓட்டெடுப்பு நடந்தது. பத்து மாநிலங்கள் வாக்களித்தன. பத்தும் 'வேண்டாம்'!

கொள்கையா காரணம்? கொஞ்சம். நாலு மாதமாக வீட்டைப் பார்க்காத ஏக்கம் மிச்சம். சில மணி நேரம்கூட ஒதுக்க முடியாத அளவுக்கு எல்லோருக்கும் ஊர் திரும்புகிற அவசரம். ஆனால் அதே வாரத்தில் வாஷிங்டனுக்கு ஃபிலடெல்ஃபியா குதிரைப்படைக்காரர்கள் சிட்டி டாவர்னில் ஒரு விருந்து வைத்தார்கள். அதற்கு நேரம் இருந்தது. சாப்பிட்டவர்கள் 55 பேர். பில் இன்றும் பத்திரமாக இருக்கிறது: மதேரா ஒயின் 54 பாட்டில், க்ளாரெட் 60 பாட்டில், பீர், சைடர், போர்ட்டர் தனி, பஞ்ச் ஏழு பெரிய கிண்ணம். மறுநாள் காலை இவர்கள் யாராவது மக்களின் உரிமையைப் பற்றி யோசித்திருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

மேசனுக்கு மூக்கு மேல் கோபம். இந்தச் சாசனத்தில் கையெழுத்துப் போடுவதைவிடக் கையையே வெட்டிக்கொள்வேன் என்று ஏற்கெனவே சூளுரைத்திருந்தவர், கடைசிவரை போடவில்லை. கையும் பத்திரமாக இருந்தது. போனது வாஷிங்டனின் நட்பு. பக்கத்துப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள், பல வருஷப் பழக்கம். அப்புறம் வாஷிங்டன் அவரை 'முன்னாள் நண்பர்' என்று குறிப்பிட ஆரம்பித்தார். அந்தக் காலத்து பிளாக்.

மேசனை உடனே தியாகி ஆக்கிவிடாதீர்கள். எல்லா மனிதரும் பிறப்பால் சமமான சுதந்திரம் உள்ளவர்கள் என்று 1776-லேயே வர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனத்தை எழுதியவர் இவர்தான். எழுதியவரின் சொந்த வயல்களில் நூற்றுக்கு மேல் அடிமைகள். சபையில் இருந்த மற்ற பண்ணையார்களுக்கு வயிற்றைக் கலக்கியது. 'எல்லா மனிதரும்' என்று இருக்கிறதே, நம் ஆட்கள் காதில் விழுந்தால்? உடனே ஒரு திருத்தம் போட்டார்கள். 'சமூகம் என்ற நிலைக்குள் நுழையும்போது' இந்த உரிமைகள் பொருந்தும். அடிமைகள் சமூகத்துக்குள் நுழையவே இல்லையே! பிரச்சினை முடிந்தது. வக்கீல்கள் நிறைந்த சபை என்றால் சும்மாவா.

இனி, வேண்டாம் என்ற மேடிசன் எப்படி எழுதும்படி ஆனது? வழக்கமான காரணம்தான். தேர்தல்.

வர்ஜீனியாவில் மேடிசனின் பரம எதிரி பேட்ரிக் ஹென்றி. சுதந்திரம் கொடு, இல்லையேல் மரணம் கொடு என்று முழங்கியதாகப் பள்ளிக்கூடப் புத்தகங்களில் வருவாரே, அவரேதான். (அந்த முழக்கத்தை அவர் பேசிய அன்று யாரும் எழுதி வைக்கவில்லை. அவர் இறந்து வெகுகாலம் கழித்து, 1817-ல் அவருடைய வரலாற்றை எழுதிய வில்லியம் வர்ட் என்பவர், கேட்டவர்களின் ஞாபகத்தில் இருந்ததைத் திரட்டிக் கோத்தது.) புதிய சாசனமே பிடிக்காத ஹென்றி, முதலில் மேடிசன் செனட்டுக்குப் போகாமல் தடுத்தார். அப்புறம் பிரதிநிதிகள் சபைக்குத் தொகுதி பிரிக்கும்போது, மேடிசனின் ஊரைச் சுற்றி அவருடைய எதிர்ப்பாளர்கள் இருக்கிற மாவட்டங்களாகப் பார்த்துப் பார்த்து ஒட்டவைத்தார். எதிர்த்து நிற்க ஜேம்ஸ் மன்றோ என்ற கம்பீரமான போர்வீரரை இறக்கிவிட்டார்கள். பின்னாளில் மேடிசன் நான்காவது ஜனாதிபதி, மன்றோ ஐந்தாவது. இரண்டு வருங்கால ஜனாதிபதிகள் ஒரே எம்.பி. சீட்டுக்கு முட்டிக்கொண்டார்கள்.

மேடிசனுக்குத் தேர்தல் ராசி சுத்தமாக இல்லை. 1777-ல் வர்ஜீனியா சட்டசபைக்கு நின்றபோது, ஓட்டுக்குச் சாராயம் ஊற்றுவது கேவலம் என்று கொள்கை பேசினார். ஜெயித்தவர் ஒரு மதுக்கடைக்காரர். கொள்கைக்கு மக்கள் தந்த பதில் எவ்வளவு துல்லியம், பாருங்கள்.

வாஷிங்டன் இந்த விஷயத்தில் விவரமானவர். 1758-ல் தேர்தலுக்கு நின்றபோது அவர் ராணுவத்தில் இருந்தார். தொகுதிப் பக்கமே வரவில்லை. அவர் சார்பில் நண்பர்கள் ரம், பஞ்ச், ஒயின், பீர் என்று சுமார் 150 காலன் ஊற்றினார்கள். வாக்காளர்கள் சுமார் நானூறு பேர்தான். அமோக வெற்றி. பில்லைப் பார்த்து அவர் வருத்தப்பட்டாரா? பட்டார். கஞ்சத்தனமாகச் செலவு செய்துவிட்டீர்களோ என்பதுதான் தன் ஒரே கவலை என்று எழுதினார். பொய்யே பேசத் தெரியாதவர் என்று இவரைப் பற்றிச் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

1789 ஜனவரி. கொட்டும் பனியில் மேடிசனும் மன்றோவும் சேர்ந்தே ஊர் ஊராகப் போய் வாதம் செய்தார்கள். ஒரு முறை லூத்தரன் தேவாலயத்தின் வாசலில், பனியில் ஜனங்களை நிற்க வைத்துப் பேசினார்கள். பொறுமைசாலி ஜனங்கள். அன்றிரவு குதிரையில் தங்குமிடம் திரும்பிய மேடிசனுக்கு மூக்கு உறைந்து புண்ணாகிவிட்டது. வயதான காலத்தில் அந்தத் தழும்பைக் காட்டி, நாட்டுக்காக நான் பட்ட விழுப்புண் என்று ஜோக் அடிப்பாராம். இளம் வயதில் பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போரில் வாஷிங்டனின் கோட்டைக் குண்டுகள் துளைத்ததாகக் கதை சொல்வார்கள். மேடிசனுக்கு ஜலதோஷம் முற்றிய கதை.

தொகுதியில் பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்கள் ஏராளம். அரசாங்கச் சபையைச் சேராமல் பிரசங்கம் செய்ததற்காக அவர்களுடைய போதகர்களை வர்ஜீனியா சிறையில் தள்ளிய ஞாபகம் இன்னும் ஆறவில்லை. எங்களுக்கு மதச் சுதந்திரம் எழுத்தில் வேண்டும் என்றார்கள். மேடிசன் கணக்குப் போட்டார். காகித வேலியாவது கத்தரிக்காயாவது, உடனே ஒரு போதகருக்குக் கடிதம் எழுதினார்: என்னை அனுப்புங்கள், உரிமைகளைச் சேர்க்கிறேன். 1308-க்கு 972. ஜெயித்தார். உலகப் புகழ்பெற்ற உரிமைச் சாசனம் ஒரு தேர்தல் வாக்குறுதி. வித்தியாசம் ஒன்றே ஒன்று. அவர் அதை நிறைவேற்றியும் விட்டார்.

ஆனால் எவ்வளவு அலுப்போடு! 1789 ஜூன் 8-ம் தேதி சபையில் எழுந்து திருத்தங்களை வாசித்தபோது, மற்ற உறுப்பினர்கள் கொட்டாவி விட்டார்கள். கஜானா காலி, சுங்கவரி மசோதா நிற்கிறது, இந்த நேரத்தில் உரிமையாம் உரிமை என்று முணுமுணுத்தார்கள். ஆகஸ்டில் மேடிசனே ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இந்த வேலையைக் குமட்டல் எடுக்கிற வேலை என்றுதான் குறிப்பிட்டார். வேண்டாவெறுப்பாய்ப் பிள்ளையைப் பெற்று காண்டாமிருகம் என்று பேர் வைத்தவனுக்கு அண்ணன் இவர்.

அவர் திட்டம், திருத்தங்களைச் சாசனத்துக்குள் ஆங்காங்கே செருகிவிடுவது. கனெக்டிகட்டின் ரோஜர் ஷெர்மன் விடவில்லை. மூலத்தில் கை வைக்காதே, எழுதியதைக் கடைசியில் ஒட்டு என்று அடம்பிடித்தார். ஷெர்மன் ஜெயித்தார். இன்று தெருவில் போகிற அமெரிக்கரை நிறுத்தி, சாசனத்தில் ஒரு வரி சொல்லுங்கள் என்று கேட்டால், வாலில் ஒட்டியதைத்தான் சொல்வார்.

மேடிசன் இதிலேயே முக்கியமானது என்று நினைத்த திருத்தம் வேறு. மனசாட்சிச் சுதந்திரத்தையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் மாநில அரசுகளும் பறிக்கக் கூடாது என்பது அது. செனட் அதைத் தூக்கிக் குப்பையில் போட்டது. தப்பிப் பிழைத்தவற்றில் மூன்றாவது திருத்தத்தைப் பாருங்கள். அமைதிக் காலத்தில் உங்கள் சம்மதம் இல்லாமல் ராணுவச் சிப்பாயை உங்கள் வீட்டில் தங்க வைக்க முடியாது. இதை வைத்துத் தீர்ப்பெழுதும் பாக்கியம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு இதுவரை கிடைக்கவில்லை. (ஒன்றைத் தாண்டி மூன்றுக்குப் போய்விட்டேனே என்கிறீர்களா? இரண்டாவது, துப்பாக்கி. அவர்களிடம் அது நிறைய இருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.)

மேடிசன் இப்படிக் கீழ்ச்சபையில் தனியாக மாரடிக்க இருந்த அந்த 1789 வசந்தத்தில், மேல்சபை என்ன செய்துகொண்டிருந்தது? அங்கே தலைமை தாங்கியவர் துணை ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ். ஜனாதிபதியை எப்படிக் கூப்பிடுவது என்று மூன்று வாரம் விவாதம். வெறும் 'பிரசிடெண்ட்' என்றால் யார் மதிப்பார்கள் என்பது ஆடம்ஸின் கவலை. தீயணைப்புச் சங்கத்துக்கும் கிரிக்கெட் கிளப்புக்கும்கூடப் பிரசிடெண்ட் இருக்கிறாரே என்று கேட்டார். (ஆமாம், கிரிக்கெட் கிளப். 1789. அமெரிக்கா. பென்சில்வேனியா செனட்டர் வில்லியம் மெக்ளே இதைத் தன் டைரியில் எழுதி வைத்து நம்மைக் காப்பாற்றினார்.) செனட் கமிட்டி யோசித்து யோசித்து 'மாட்சிமை தங்கிய, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பிரசிடெண்ட், அவற்றின் சுதந்திரங்களின் காவலர்' என்று ஒரு பட்டத்தைப் பரிந்துரைத்தது. மன்னரை விரட்டி ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது!

கீழ்ச்சபை சிரித்து ஒதுக்கிவிட்டது. ஆடம்ஸ் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பார். பட்டம்தானே வேண்டும் என்று சகாக்கள் அவருக்கே ஒன்று வைத்தார்கள்: 'மாண்புமிகு உருண்டை'.

இந்தப் பட்டங்களையெல்லாம் சுமக்கவேண்டியவரின் நிலைமையையும் பார்க்க வேண்டும். வாஷிங்டன் பதவியேற்கப் போவதற்கே கைமாற்று வாங்கினார். நிலம் மலைபோல், ரொக்கம் இல்லை. வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்று. மரப்பல் என்பார்கள், அது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தம், ஈயம், ஸ்பிரிங், அப்புறம் மனிதப் பற்கள். கறுப்பின மக்களிடமிருந்து ஒன்பது பற்கள் வாங்கியதற்கு 1784-ல் அவர் வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் பற்று எழுதியிருக்கிறது. இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்றுக்கும் வரவில்லை. தலைநகரம் ஃபிலடெல்ஃபியாவுக்கு மாறியபோது, பென்சில்வேனியாவில் ஒரு சட்டம் இருந்தது. வெளியூர்க்காரர் அழைத்து வரும் அடிமை, தொடர்ந்து ஆறு மாதம் அங்கே தங்கினால் விடுதலை கேட்கலாம். ஜனாதிபதி என்ன செய்தார்? ஆறு மாதம் நிறைவதற்குள் ஒவ்வொருவரையும் ஏதாவது சாக்கில் மாநில எல்லையைத் தாண்டவைத்துக் கூட்டி வந்தார். அடிமைகளுக்கும் தெரியக் கூடாது, ஊருக்கும் தெரியக் கூடாது என்று செயலாளருக்குக் கடிதம் வேறு. கடிதத்தின் வருஷம் 1791. உரிமைச் சாசனம் அமலுக்கு வந்த அதே வருஷம். 1796-ல் ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண், குடும்பம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த நேரத்தில் வாசல் வழியாக நடந்து போய்க் கப்பல் ஏறினாள். வாஷிங்டன் ஆள்விட்டுத் தேடினார். நியூ ஹாம்ப்ஷையரில் இருப்பது தெரிந்தும் கடைசிவரை பிடிக்க முடியவில்லை. தன் உரிமையை யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொண்டவர் இந்தக் கதையில் அவர் ஒருவர்தான்.

பேச்சுரிமைக்கு வருவோம். அதற்கு ஏழு வயது நிறைவதற்குள் ஆடம்ஸ் ஜனாதிபதி ஆகியிருந்தார். 1798 ஜூலையில் ராஜத்துரோகச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அரசைப் பற்றி, காங்கிரஸைப் பற்றி, ஜனாதிபதியைப் பற்றிப் பொய்யாகவும் விஷமமாகவும் எழுதினால் சிறை, அபராதம். கவனித்தீர்களா, துணை ஜனாதிபதியைக் காணோம்? அப்போது துணை ஜனாதிபதி எதிர்க்கட்சிக்காரரான தாமஸ் ஜெபர்சன். அவரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம். சட்டம் காலாவதி ஆகும் தேதியையும் உள்ளேயே எழுதினார்கள்: 1801 மார்ச் 3. ஆடம்ஸின் பதவிக்காலத்தின் கடைசி நாள். ஒருவேளை அடுத்து எதிரி வந்துவிட்டால் நம்மையே பிடித்துப் போட்டுவிடுவானே என்ற முன்யோசனை.

இந்தச் சட்டத்தில் சிக்கிய மாபெரும் ராஜத்துரோகி ஒருவரைச் சொல்கிறேன். பெயர் லூதர் பால்ட்வின். ஊர் நியூஜெர்சியின் நெவார்க். ஆடம்ஸ் அந்த ஊர் வழியாகப் போனபோது பீரங்கி முழக்கி மரியாதை செய்தார்கள். மதுக்கடை வாசலில் ஒருவர், ஜனாதிபதி போகிறார், அவர் பின்பக்கம் பார்த்துச் சுடுகிறார்கள் என்றார். நல்ல போதையில் இருந்த பால்ட்வின், பின்பக்கத்துக்குள்ளேயே சுட்டாலும் எனக்குக் கவலை இல்லை என்றார். கடைக்காரர் ஓடிப்போய்ப் போட்டுக்கொடுத்தார். வழக்கு, விசாரணை, 150 டாலர் அபராதம், கட்டும்வரை சிறை. ஒரு வல்லரசின் மானம் எந்த இடத்தில் இருந்தது என்று வரலாறு பதிவு செய்திருக்கிறது.

அடுத்தவர் மாத்யூ லயன். வெர்மான்ட் எம்.பி. பெயருக்கேற்ற சிங்கம். 1798 ஜனவரியில் சபைக்குள்ளேயே, தன் போர்க்கால வீரத்தைக் கிண்டல் செய்த சக உறுப்பினர் ரோஜர் கிரிஸ்வோல்ட் முகத்தில் காறித் துப்பினார். இரண்டு வாரம் கழித்து கிரிஸ்வோல்ட் கைத்தடியோடு வந்து, சபை நடக்கும் இடத்திலேயே லயனை வெளுத்தார். லயன் கணப்படுப்புப் பக்கம் ஓடி இரும்பு இடுக்கியைத் தூக்கிக்கொண்டு திருப்பி அடித்தார். சட்டசபையில் மைக் பறந்ததையெல்லாம் பார்த்து வளர்ந்த நாம் அதிர்ச்சி அடையத் தேவையில்லை.

அந்த வருஷமே லயன் மீது ராஜத்துரோக வழக்கு. ஆடம்ஸுக்கு ஆடம்பர மோகம், முகஸ்துதிப் பசி, பேராசை என்று எழுதினாராம். நாலு மாதம் சிறை, ஆயிரம் டாலர் அபராதம். கம்பிக்குள் இருந்தபடியே தேர்தலில் நின்றார். ஜெயித்தார். 1800 ஜனாதிபதித் தேர்தலில் ஜெபர்சனுக்கும் ஆரன் பர்ருக்கும் தலா 73 வாக்கு. முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. மாநிலத்துக்கு ஓர் ஓட்டு. 35 முறை வாக்கெடுத்தும் இழுபறி. 36-வது சுற்றில் வெர்மான்டின் இன்னோர் உறுப்பினர் ஒதுங்கிக்கொள்ள, மாநிலத்தின் ஓட்டை ஜெபர்சனுக்குப் போட்டவர் மாத்யூ லயன். ஆடம்ஸ் உள்ளே தள்ளியவர், ஆடம்ஸுக்கு அடுத்த ஆளைத் தேர்ந்தெடுத்தார். 1801 மார்ச் 4, விடியற்காலை நாலு மணிக்கு, பதவியேற்பு விழாவுக்குக்கூட நிற்காமல் 'மாண்புமிகு உருண்டை' ஊருக்கு வண்டி ஏறிவிட்டது.

ஜெபர்சன் வந்துவிட்டார்! பாரிஸிலிருந்து கொண்டு, உரிமைச் சாசனம் மக்களுக்கு உரியது என்று மேடிசனுக்குப் பாடம் எடுத்தவர். பத்திரிகைச் சுதந்திரத்தின் காதலர். இனி எழுத்தாளர்களுக்கு வசந்தம்தானே?

அவருக்கு காலெண்டர் என்று ஒரு சிக்கல் இருந்தது. தேதி கிழிப்பது அல்ல. ஜேம்ஸ் காலெண்டர் என்ற ஸ்காட்லாந்துக்காரர், அக்காலத்தின் தலைசிறந்த அவதூறு எழுத்தாளர். நிதியமைச்சராக இருந்த ஹாமில்டன் அரசுப் பணத்தில் கைவைத்தார் என்று 1797-ல் இவர் எழுத, ஹாமில்டன் கொதித்துப்போய் 95 பக்கத்தில் பதில் புத்தகமே போட்டார். அதன் சாரம்: நான் திருடன் இல்லை, அந்தப் பணம் என்னுடையது, நான் இன்னொருவர் மனைவியோடு வைத்திருந்த தொடர்புக்காக அவள் புருஷன் என்னை மிரட்டி வாங்கியது. தேதி, கடிதம், ஆதாரம் எல்லாம் இணைப்பு. நேர்மையை நிரூபிக்க மானத்தை இவ்வளவு முறையாக ஃபைல் போட்டு ஒப்படைத்தவர் வேறு யாரும் இல்லை.

ஆடம்ஸையும் வாஷிங்டனையும் கிழிக்க இதே காலெண்டருக்கு ரகசியமாகப் பணம் கொடுத்து வந்தவர் யார்? நம் ஜெபர்சன். ராஜத்துரோகச் சட்டத்தில் காலெண்டர் ஒன்பது மாதம் உள்ளே போய் வந்தார். வெளியே வந்ததும் ரிச்மண்ட் போஸ்ட்மாஸ்டர் வேலை கேட்டார். ஜெபர்சன் தரவில்லை. 1802-ல், ஜனாதிபதிக்கு சாலி ஹெமிங்ஸ் என்ற அடிமைப் பெண்ணிடம் பிள்ளைகள் இருப்பதாக காலெண்டர் அச்சில் போட்டார். ஒரு போஸ்ட் ஆபீஸ் வேலை கொடுத்திருந்தால் போயிருக்கும். 1998-ல் டி.என்.ஏ. சோதனை வந்து காலெண்டர் பக்கம் சாய்ந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1803-ல் போதையில், மூன்றடித் தண்ணீரில் மூழ்கிப் போனார்.

இதே 1803-ல் பென்சில்வேனியா கவர்னருக்கு ஜெபர்சன் ஒரு ரகசியக் கடிதம் எழுதினார். பத்திரிகைகள் எல்லை மீறுகின்றன, மாநிலச் சட்டத்தின் கீழ் நாலைந்து வழக்குப் போட்டால் ஒழுங்காகிவிடும் என்று. முதல் திருத்தம் காங்கிரஸின் கையைத்தான் கட்டியது. மாநிலங்களின் கையை அல்ல. மாநிலங்களையும் கட்டுவோம் என்ற மேடிசனின் செல்லத் திருத்தத்தை செனட் குப்பையில் போட்டதே, நினைவிருக்கிறதா?

நியூயார்க்கில் ஹாரி க்ராஸ்வெல் என்ற இளைஞர் 'குளவி' என்று ஒரு சின்னப் பத்திரிகை நடத்தினார். வாஷிங்டனைத் துரோகி என்று எழுத காலெண்டருக்குக் காசு கொடுத்தவர் ஜெபர்சன் என்று அதில் போட்டார். ஜெபர்சன் கட்சிக்காரர்கள் அவதூறு வழக்குப் போட்டார்கள். எழுதியது உண்மை என்று நிரூபிக்கிறேன் என்றார் க்ராஸ்வெல். உண்மையா பொய்யா என்பது இந்த நீதிமன்றத்துக்குத் தேவையில்லை என்றார் நீதிபதி. குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று.

1804 பிப்ரவரியில் ஆல்பனியில் மேல்முறையீடு. க்ராஸ்வெல்லுக்காகக் கூலி வாங்காமல் ஆஜரானவர் யார் தெரியுமா? காலெண்டரால் நடுத்தெருவுக்கு வந்த ஹாமில்டன். உரிமைச் சாசனமெல்லாம் தேவையில்லாத ஆணி என்று 1788-ல் பத்தி பத்தியாக எழுதிய அதே ஹாமில்டன். மணிக்கணக்கில் பேசினார். உண்மையை நல்ல நோக்கத்தோடு எழுதுகிறவனைத் தண்டிக்கக் கூடாது என்று உருகினார். நீதிபதிகள் இரண்டுக்கு இரண்டு என்று பிரிந்ததால் க்ராஸ்வெல்லுக்கு விடுதலை கிடைக்கவில்லை. ஆனால் அந்த வாதத்தில் மயங்கிய நியூயார்க் சட்டசபை, 1805-ல் உண்மையைத் தற்காப்பாகச் சொல்லலாம் என்று சட்டமே போட்டுவிட்டது.

ஹாமில்டன் அதைப் பார்க்கவில்லை. வாதாடிய ஐந்தாவது மாதம், தன்னைப் பற்றி அவதூறு பேசினார் என்ற கோபத்தில் ஒருவர் அவரைத் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்துச் சுட்டுவிட்டார். சுட்டவர் ஆரன் பர். அப்போது அமெரிக்காவின் துணை ஜனாதிபதி. பதவியில் இருக்கும்போதேதான்.